கீறக் கூடாது

அன்பு மச்சான் தேவராசு,

நான்தான் எழுதுகிறேன். நம்புகிறாயா? எங்கே போனாலும் நாம் இருவரும் கைநாட்டுத்தானே. நீ போன பிறகு புதுப்பட்டினத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்தேன். கை மெதுவாகத்தான் நகர்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல் முடியும்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சேதி உன் நாயைப் பற்றி. கல்பாக்கத்து அதிகாரி மாதிரி நிமிர்ந்து நடக்கிறது என்று ஆபீசர் என்று பெயர் வைத்தாயே, அது இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மீன் மார்க்கெட் முனையில் ஒரு பைக் இடித்துவிட்டது. எலும்பு முறியவில்லை. ஆனால் விலாவில் தோலுக்கு அடியில் வீங்கித் தொங்கியது. தொட்டால் தண்ணீர்ப் பை போல ஆடியது.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அமுக்கிப் பார்த்தார். சீழ் இல்லை, அடிபட்ட இடத்தில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார். ஊசியால் உறிஞ்சி எடுத்துவிட்டுத் துணியைச் சுற்றிக் கட்டினார். மேற்கொண்டு சொல்ல வந்தவரை நான் விடவில்லை.

"எழுதிக் குடு சார். நான் படிச்சிக்கிறேன்."

'மறுபடி வீங்கலாம். கீறக் கூடாது. கூட்டி வரவும்.' ஆட்டோவில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நம் பேச்சில் கீற என்றால் இருக்கிற. 'எங்க கீற?' என்று கேட்போம் இல்லையா? இங்கே அது பொருந்தவில்லை. அப்புறம் புரிந்தது. டாக்டர் இங்கிலீஷில் படித்தவர், பாவம், கீரையைத் தப்பாக எழுதிவிட்டார்! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

அன்றோடு ஆபீசருக்கு முருங்கைக்கீரைச் சோறு நின்றது.

வீக்கம் திரும்பி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரி கிடையாது. உன் தங்கை புது பிளேடை வெந்நீரில் போட்டு எடுத்து வந்தாள். நாயின் தலையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

"கெட்டியா புடியா. லேசா கீறி வுட்டா வடிஞ்சிடும்."

"இன்னா சொன்ன?"

"கீறி வுட்டா வடிஞ்சிடும்னேன். காது போச்சா?"

"அய்யய்யோ, நிறுத்துடி! கீறக் கூடாதுன்னு எழுதிக் கீறாரு டாக்டரு!"

"கீரைன்னுதான சொன்ன?"

"அது... நான் திருத்திட்டேன்."

"டாக்டரயே திருத்தினியா? எங்கண்ணன் நாய சாவடிக்கத்தான் படிக்கப் போனியா நீ?"

பிளேடு தோல் மேல் இருந்தது, மச்சான். இறங்கவில்லை.

அதை வீசிவிட்டு அவள் ஆபீசரைக் கட்டிக்கொண்டு அழுதாள். உன் அடக்கத்தின்போதுகூட அப்படி அழவில்லை. எதை நினைத்து என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தெரியுமா?

மறுநாள் டாக்டர் மறுபடி உறிஞ்சி, இன்னும் இறுக்கிக் கட்டினார். வீட்டில் கீறியிருந்தால் கிருமி உள்ளே போயிருக்கும், இந்த வயதில் பிழைப்பது கஷ்டம் என்றார். கீரைக் கதையைச் சொன்னேன். மேசையில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். இப்போது விலா தட்டையாகிவிட்டது. அந்த இடத்தில் முடிகூட முளைக்கிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இனி எழுதியதை எழுதியபடியே படிப்பேன். புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேட்பேன். ஆபீசர் கிழடு தட்டித் தானாகத்தான் சாகும். அதற்கு முன்னால் அதை உன்னிடம் அனுப்ப மாட்டோம்.

உன் தங்கை வீட்டுக்காரன்,
சின்னப்பன்