மூன்றாம் தறி

வியாழன், இரவு.

இன்றைக்கு ஆய்வகத்துக்கு வந்தவர் ராசம்மாள் அக்கா. திருச்செங்கோட்டுப் பக்கம் விசைத்தறிப் பட்டறையில் ஒரே ஆளாக நான்கு தறி பார்க்கிறவர். இரைச்சலுக்கு நடுவே மூளை எப்படி ஒரு குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. அவர் தலையில் மூளை அலைகளைப் பதியும் ஒயர்த் தொப்பியை மாட்டி, ஹெட்போனில் ஒரு கதையை ஓடவிட்டேன். பின்னால் இரைச்சலுக்கு, போன மாதம் அவர் பட்டறையிலேயே நான் பதிவுசெய்த தறிச் சத்தம். "கதைய மட்டும் கேளுங்கக்கா, அசையாதீங்க" என்று சொல்லியிருந்தேன்.

நாலாவது நிமிஷம் சட்டென்று எழுந்துவிட்டார். ஒயர்கள் பிடுங்கிக்கொண்டன.

"மூணாந்தறி நின்னுபோச்சுங்க சாமி."

சொன்ன பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?"

"இல்லீங்கக்கா" என்றேன்.

நடுவில் எழுந்தவர்களின் பதிவைச் சேர்க்கக் கூடாது. நானே எழுதிய விதி. என் ஆராய்ச்சி வழிகாட்டியிடம் கேட்டேன். "கவனம் சிதறியதுன்னு போட்டு எடுத்துடும்மா" என்றார். எடுத்துவிட்டேன். வருத்தம்கூட வரவில்லை.

சாப்பிட்டுவிட்டு வந்து, கதையில்லாமல் தறிச் சத்தத்தை மட்டும் கேட்டேன். அந்த நாலாவது நிமிஷத்தைப் பதினோரு தடவை ஓட்டினேன். ஒரு தறி நிற்கப்போகிறது என்று தெரிந்து காத்திருந்தும், அது நிற்பது எனக்குக் கேட்கவில்லை.

நோட்டில் அவர் பெயருக்கு நேரே, என் கையெழுத்தில், கவனம் சிதறியது என்று இருக்கிறது.