சிவப்புச் சிப்பி விழும் இடம்

மழைக்கோட்டின் பைக்குள் கையை விட்டபோது சிப்பிகள் தட்டுப்பட்டன. வெள்ளை ஏழு, சிவப்பு ஏழு. வாவிச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. சிவப்பில் உன் நகப்பூச்சு இன்னும் பளபளத்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பூச்சின் மணம் போய்விட்டிருந்தது. சேறு மட்டும் மணத்தது.

நீ போய்ப் பதினொரு மாதம். இந்த மாரி முழுக்க மழைக்கோட்டை எடுக்காமல் நனைந்தே வேலைக்குப் போனேன். அன்று மட்டும் ஏன் எடுத்தேன் என்று தெரியவில்லை.

நான் காணி அளப்பவன். நீ பறவைகளை ஆராய்ந்தவள். பட்டினம் பெருகப் பெருக, பனி நாடுகளிலிருந்து வரும் உள்ளான்களும் நீண்ட அலகு மூக்கன்களும் இங்கே எந்த இடத்தில் பயமில்லாமல் இறங்குகின்றன என்பதுதான் உன் கேள்வி. அதற்கு நீ கண்ட வழியைப் பார்த்து முதல்நாள் நான் சிரித்துவிட்டேன். இரை தேடும் பறவையைப் பார்த்து நேராக நடக்க வேண்டும். அது தலையைத் தூக்கினால் காலடியில் ஒரு வெள்ளைச் சிப்பி. பறந்தால் ஒரு சிவப்பு. பின்னால் நாடாவுடன் வந்து, சிவப்பு விழுந்த இடத்துக்கும் பறவை நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை நான் அளக்க வேண்டும்.

"ஓடாதீங்க. கலியாண வீட்டில மாப்பிள்ளையக் கூட்டி வாற நடை. அந்த நடைதான் கணக்கு," என்றாய்.

"மாப்பிள்ளைட கால் சேத்துக்க புதைஞ்சி கிடக்கு."

"அப்ப பொம்பிள முன்னுக்குப் போறா. நீங்க மறுகா பின்னால வாங்க."

தோணியில் நின்று வலை உதறிக்கொண்டிருந்த சின்னராசா அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன தம்பி, குருவிக்கும் காணி அளந்து குடுக்கப் போறீங்களா?"

நீ திரும்பாமலே சொன்னாய்: "அதுகள்ர காணியத்தான் அண்ணன் நாம அடைச்சிப் போட்டம். அதுகள்ட்ட உறுதிப் பத்திரம் இல்ல, அதான் கோட்டுக்குப் போகல்ல."

கிரான் பக்கத்து வட்டையில், அறுவடை முடிந்து நீர் தேங்கிய வயலில், நீ வரம்பில் கால் வைத்ததுமே கூட்டம் எழும்பிவிடும். என் நாடா போதாது. பட்டினக் கரையிலோ பஸ்ஸும் ஆட்டோவும் இரைந்துகொண்டிருக்க, வடிகான் வாய்க்குப் பக்கத்துச் சேற்றில், பறவையின் காலில் ஒட்டிய பாசி எனக்குத் தெரியும்வரை நீ கிட்டப் போனாய். அது உன்னைப் பார்த்தது. மறுபடி அலகைச் சேற்றில் விட்டது.

"டவுண் குருவிக்குத் துணிவு கூட," என்றேன்.

"துணிவில்ல. அங்கால இரிந்த சேத்துத் தரையெல்லாம் கிரவல் மண் போட்டு வீட்டுக்காணி ஆக்கியாச்சி. போறதுக்கு இடமுள்ளதுதான் ஆளக் கண்டதும் வெள்ளனப் பறக்கும். இதுக்குத் தின்னவும் வேணும், பயப்படவும் வேணும். திண்டுகொண்டே பயப்படுது."

"அப்ப இந்த இடத்த அது தேர்ந்தெடுத்தது எண்டு எழுதேலாதா?"

"ஊரில ஒரு கடைதான் திறந்திரிந்தா அங்கதானே வாங்குவீங்க? அத நீங்க தேர்ந்தெடுத்த கடை எண்டு சொல்லுவீங்களா?"

பிறகு, சிப்பியைப் பொறுக்கி என் பையில் போட்டபடி, "நிக்கிது எண்டா சுகமா இரிக்கி எண்டு அர்த்தமில்ல," என்றாய். அன்று அது பறவையைப் பற்றிய பேச்சு.

அந்தக் கரையில் இப்போது நடைபாதையும் கடைகளும் வரப்போகின்றன. வரைபடம் எங்கள் அலுவலகத்தில்தான். போன கிழமை பொறியியலாளர் என்னைக் கூப்பிட்டு, நீ முன்பு அனுப்பிய அளவுகளை மேசையில் விரித்தார். நல்ல மனிதர். உன் செத்த வீட்டில் மூன்று நாளும் நின்றவர்.

"உங்கட மிசிஸ்ட அளவே சொல்லுதே தம்பி. டவுண் பக்கம் குருவி ஆளுக்குப் பழகிட்டு. நடைபாதையால பாதிப்பில்ல எண்டு நாலு வரியில ஒரு பந்தி எழுதிச் சைன் பண்ணித் தாங்க. திங்கக்கிழம போதும்."

"ஓம் சேர்," என்றேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் ஓம்தான். தேறிவிட்டேன் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். களுதாவளையிலிருந்து உன் அம்மா தினமும் கோல் எடுக்கிறார். "சாப்பிட்டீங்களா மனே?" "ஓம் மாமி."

பந்தியை எழுத உட்கார்ந்தேன். பாதியில் கை நின்றுவிட்டது. உன் காய்ச்சல்தான் ஞாபகம் வந்தது.

நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அளந்து, நேரம் போட்டுக் கொப்பியில் எழுதினேன். அளப்பவன் அல்லவா. முதல் மூன்று நாள் நீ அனுங்கினாய், புரண்டாய், என்னை ஏசினாய். நாலாம் நாள் காலையில் காய்ச்சல் விட்டது. நீ சுவரில் சாய்ந்து அசையாமல் இருந்தாய். "என்ன செய்யிது?" என்றேன். "ஒண்டுமில்ல. களைப்பு." "டொக்டர்ட்டப் போவமா?" "மறுகா பாப்பம்." இலக்கம் இறங்கியிருந்தது, நீ அமைதியாக இருந்தாய். நான் நிம்மதியாகக் குளிக்கப் போனேன். நுளம்பு கடித்து வரும் இந்தக் காய்ச்சலில் சூடு விடும் நேரம்தான் பொல்லாதது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது மத்தியானம் தாண்டிவிட்டது.

அளவு பிழையில்லை. இன்றும் அந்தக் கொப்பியில் ஒரு இலக்கம்கூடப் பிழையில்லை.

சனிக்கிழமை காலை சிப்பிகளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். வாவி முகத்துவாரத்தைக் கடலுக்கு வெட்டிவிட, நீர் வடிந்திருந்ததால் சேறு தெரிந்தது. ஒரு பெரிய விறாந்தை அளவு துண்டு, அவ்வளவுதான். அதில் மூக்கன்கள் நெருக்கியடித்து நின்றன. உன் நடையில் நடந்தேன். பின்னால் நாடா பிடிக்க ஆளில்லை. ஓரமாக நின்ற ஒன்று தலையைத் தூக்கியது. வெள்ளைச் சிப்பியைப் போட்டேன். இன்னும் நடந்தேன். அது பறக்கவில்லை. அலகைச் சேற்றில் விட்டது, என்னைப் பார்த்தது, மறுபடி விட்டது. நெஞ்சுப் பக்கத்து இறகு படபடவென்று அடித்துக்கொண்டதைக் கண்டேன், காற்றாகவும் இருக்கலாம். இன்னும் பத்து அடி போயிருந்தால் உன் அளவுகளிலெல்லாம் குறைந்த அளவு கிடைத்திருக்கும். பந்திக்கும் பொருந்தியிருக்கும்.

சிவப்புச் சிப்பியைப் போடாமலே பின்பக்கமாக நடந்து வந்தேன். சின்னராசா அண்ணன் தோணியிலிருந்து பார்த்தார். பிறகு வலையை மறுபடி உதறத் தொடங்கினார்.

திங்கட்கிழமை பந்திக்குப் பதில், போக இடமுள்ளதுதான் வெள்ளனப் பறக்கும் என்று நீ சொன்னதை எழுதி, கிரவல் போட்டு மூடிய சேற்றுத் தரைகளை வரைபடத்தில் குறித்துக் கொடுத்தேன். பொறியியலாளர் இரண்டு தரம் வாசித்தார்.

"இது அளவில்லையே தம்பி?"

"அளவு எடுத்தவ சொன்னது சேர். நான் அதுக்குத்தான் சைன் வைப்பன்."

அவர் கடதாசியைக் கோப்புக்குள் வைத்தார். நடைபாதை வரும் என்றுதான் நினைக்கிறேன். உன் அளவை வைத்து வராது.

பின்னேரம் மாமியின் கோல். "சாப்பிட்டீங்களா மனே?"

வாய் ஓம் என்று தொடங்கியது. காற்சட்டைப் பைக்குள் கையில் அந்தச் சிவப்புச் சிப்பி.

"இல்ல மாமி," என்றேன். "கனநாளா ஒழுங்காச் சாப்பிடல்ல."

அந்தப் பக்கம் பாத்திரம் உருட்டும் ஓசை கேட்டது.

"உலை வைக்கன். பஸ் ஏறுங்க."

களுதாவளை பஸ்ஸில் இருந்துதான் இதை எழுதுகிறேன். சிப்பி பைக்குள் இருக்கிறது.