கோல் வித்தியாசத்தை நீ எடுத்த வாரம்

போன வாரம் மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன் இருக்கைக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னத் தைலக் குப்பியை எடுத்து முழங்காலில் தேய்க்க ஆரம்பித்தார். ஜன்னல் காற்றில் அந்த வாசனை முகத்துக்கு வந்ததும் எனக்கு உன் நினைவு வந்துவிட்டது. துபாய் கராமா அறையில், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும், சாப்பாட்டுக்கு முன்பே கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு முழங்காலுக்கும் தைலம் போடுவாய்.

"கோல்கீப்பருக்கு எதுக்குப்பா முழங்கால்ல தைலம்? நீ ஓடவா போற?" என்று செல்வம் கிண்டல் செய்வான்.

"ஓட இல்லவே, விழ" என்பாய்.

அந்த அறையில் ஆறு பேர் இருந்தோம். நீ காயல்பட்டினத்துக்காரன். கட்டட ஆலோசனை நிறுவனம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். நான் கார்கோ கம்பெனியில் பில் போடுகிறவன். செல்வம் ராமநாதபுரம் பக்கம், ஏ.சி. மெக்கானிக். நாங்கள் எல்லாம் கிரிக்கெட் ஊர்க்காரர்கள். எங்களைக் கால்பந்துக்கு இழுத்தது நீதான். உங்கள் ஊரில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பந்தை உதைக்கப் பழகிவிடும் என்பாய். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்தும் நீ ஒரு சாதாரண கோல்கீப்பர்தான். நான் உன்னைவிட மோசமான தற்காப்பு ஆட்டக்காரன். செல்வம் மட்டும் எங்கோ கற்றுவந்தவன் போல ஆடுவான். பந்து அவன் காலில் ஒட்டிக்கொள்ளும்.

குளிர்காலம் வந்துவிட்டால் ஷார்ஜா முவைலாவில் லேபர் கேம்ப்புகளுக்குப் பின்னால் இருந்த மணல் வெளியில் வெள்ளிதோறும் ஆட்டம். கராமாவிலிருந்து நாம், முவைலா கேம்ப்பின் தமிழ்ப் பையன்கள், அல் ஐனிலிருந்து கடைக்காரர்கள், அஜ்மானிலிருந்து ஒரு கேம்ப், தேராவிலிருந்து துணிக்கடை அணி என்று பத்துப் பன்னிரண்டு அணிகள் சேரும். சிக்கல் என்னவென்றால், எல்லோரும் எல்லோருடனும் ஆட முடியாது. கேம்ப்பில் திடீரென்று ஓவர்டைம் போட்டுவிடுவார்கள். அல் ஐன்காரர்கள் அத்தனை தூரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு தடவை வந்தாலே பெரிது. கோடை வெயில் ஏறுவதற்குள் இறுதி ஆட்டத்தை முடிக்க வேண்டும். அதில் ஆடும் இரண்டு அணிகள் எவை என்பதில் ஒரு வருடம் சண்டை வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டதுதான் மிச்சம். இறுதி ஆட்டமே நடக்கவில்லை.

அதற்கு அடுத்த சீசனில்தான் நீ அந்த யோசனையோடு வந்தாய். உன் மேனேஜர் ஓர் அமெரிக்கர். ஞாயிறு காலையில் ஆபீஸுக்கு வந்ததும் வரைபடங்களைப் பார்க்க மாட்டாராம். தான் படித்த கல்லூரியின் ஃபுட்பால் அணி முந்தின நாள் என்ன செய்தது என்றுதான் முதலில் பார்ப்பாராம். அது நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நாடு முழுக்க நூற்றுக்கும் மேல் கல்லூரிகள், ஒவ்வொன்றும் ஆடுவதோ சீசனுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்டம். யார் யாரைவிட மேல் என்று எப்படிச் சொல்வது? அங்கே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள் என்று அவர் உனக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறார்.

"எத்தன மேட்ச் ஜெயிச்சங்கிறது முக்கியமில்லவே. யாரை ஜெயிச்ச? அவன் யாரை ஜெயிச்சான்? அதுதான் கேள்வி" என்றாய்.

எனக்குப் புரியவில்லை. அறை நடுவே விரித்திருந்த பேப்பரில் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு விளக்கினாய்.

"எல்லாரும் சமம்னு ஆரம்பி. ரெண்டு கோல் வித்தியாசத்துல ஜெயிச்சா, எதிராளியோட பலத்துக்கு மேல ரெண்டு உனக்கு. தோத்தா, அவன் பலத்துலேந்து ரெண்டு கம்மி. ஆடுன மேட்ச் எல்லாத்துக்கும் சராசரி எடு. அதுதான் உன் பலம்."

"எதிராளி பலம் என்னன்னு யாருக்குத் தெரியும்?"

"அவனுக்கும் இதே கணக்குதான். ஒரு சுத்து போட்டா எல்லாரோட பலமும் மாறும். மாறினத வச்சுத் திரும்பப் போடணும். திரும்பத் திரும்பப் போட்டா ஒரு எடத்துல நம்பரெல்லாம் அசையாம நின்னுரும். அப்ப நிறுத்திக்க வேண்டியதுதான்."

"இதையெல்லாம் யாருய்யா உக்காந்து போடுறது?" என்றான் செல்வம்.

"எக்ஸெல் போடும். நீ கோலப் போடு" என்றாய்.

அந்த சீசனில் ஞாயிறு மாலை உன் டியூட்டி முடிந்ததும் ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கணக்கை ஓட்டி ஒரு தாளில் அச்செடுத்து வருவாய். கராமாவில் நாம் டீ குடிக்கும் கடையின் கண்ணாடிக் கதவில் அது ஒட்டப்படும். முவைலாவுக்கும் அல் ஐனுக்கும் போனில் வாசித்துக் காட்டுவாய். ஆச்சரியம் என்னவென்றால், யாரும் சண்டைக்கு வரவில்லை. மனிதன் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். கம்ப்யூட்டர் சொன்னது என்பதால் தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள்.

சனவரி வாக்கில் நாம் முதலிடத்தில் இருந்தோம். கோல் வித்தியாசம் பலத்தில் சேரும் என்பது இதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்று கோல் போட்டபின் பந்தை மெல்ல உருட்டி விளையாடிய காலம் போய், கடைசி நிமிடம் வரை அடித்துக்கொண்டே இருந்தோம்.

அஜ்மான் கேம்ப்போடு ஆடிய அந்த வெள்ளிக்கிழமை உனக்கும் மறந்திருக்காது. அவர்களுக்கு அன்று காலை வரை டியூட்டி. ஆள் குறைவு. இரண்டு பேர் சேஃப்டி ஷூவோடே இறங்கினார்கள். கோல்கீப்பர் பெரம்பலூர்ப் பக்கத்துக் கொத்தனார், கலியமூர்த்தி. நம்மைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆறாவது கோல் விழுந்ததும் அவர் மூச்சு வாங்கி மணலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கும் முன்பே செல்வம் பந்தை அவர் தோளுக்கு மேலாகத் தட்டி உள்ளே போட்டான். ஓரத்தில் நின்ற நம் ஆட்கள் "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தினார்கள். ஒன்பதில் முடிந்தது. நீ எதிர்முனையில் ஒரு பந்தைக்கூடத் தொடாமல் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாய்.

ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும் இடத்தில் கலியமூர்த்தி உன்னிடம் வந்தார். கோபமாகக்கூட இல்லை. விசாரிக்கிற குரல்தான்.

"தம்பி, ஒங்க கம்ப்யூட்டருக்கு எத்தன தேவையோ அத்தனையும் எடுத்துக்கிட்டீங்களா? இன்னும் வேணுமா?"

 திரும்பும் வழியெல்லாம் காரில் செல்வமும் மற்றவர்களும் கோல்களைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டு வந்தார்கள். நீ ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய்.

அந்த ஞாயிறு மாலை உன் ஆபீஸுக்கு நானும் வந்திருந்தேன். மேனேஜரிடம் இதைக் கேட்டதாகச் சொன்னாய். அங்கேயும் இதே கதைதானாம். வரிசையில் ஏறுவதற்காகச் சோனி அணிகளைப் போட்டு நசுக்குகிறார்கள் என்று பேச்சு வந்து, எத்தனை புள்ளியில் ஜெயித்தாய் என்பதைப் பார்க்கக் கூடாது, ஜெயித்தாயா தோற்றாயா என்பதை மட்டும் பார் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறவர்களுக்குச் சொல்லிவிட்டார்களாம். அப்படிச் செய்தால் கணக்கின் துல்லியம் கொஞ்சம் குறையும் என்றும் அவரே சொன்னாராம்.

"கொறஞ்சா கொறயட்டும்" என்று சொல்லிக்கொண்டே நீ மாற்ற ஆரம்பித்தாய். ஒரு கோலில் ஜெயித்தாலும் ஒன்பதில் ஜெயித்தாலும் இனி ஒன்றுதான். கணக்கு நான்கைந்து சுற்று ஓடி நின்றது. முவைலா முதலிடம். அல் ஐன் இரண்டாமிடம். நாம் மூன்று. நாம் பெரும்பாலும் சோனி அணிகளோடு ஆடிப் பெரிதாக ஜெயித்தவர்கள். முவைலாக்காரர்கள் நல்ல அணிகளோடு ஆடித் திக்கித் திணறி ஜெயித்தவர்கள். கோல் வித்தியாசம் போனதும் நம்மைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை.

கணக்கைச் சேமித்தாய். பிறகு, "பிரிண்டர்ல பேப்பர் இருக்கா பாரு" என்றாய்.

"மாப்ள, இது செல்வத்துக்குக் கடைசி சீசன். மார்ச்சுல விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்குப் போறான். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப சீசன் முடியட்டுமே. அடுத்த வருஷத்துலேந்து மாத்து."

"அடுத்த வெள்ளி இன்னொரு கலியமூர்த்தி வந்து நிப்பாருவே. அவருகிட்ட அடுத்த வருஷம்னு நீ சொல்றியா?"

நான் பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். ஆனால் உன்னோடு பேசவில்லை. செல்வம் அதைவிட மோசம். உன் சமையல் முறை வரும் நாளெல்லாம் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தான். "சொந்த டீமுக்கே குழி பறிச்சவன் கையால சாப்பிட மாட்டேன்" என்று உன் காதுபடவே சொன்னான். நீ அவன் பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டு, மறுநாள் நீயே சூடாக்கித் தின்றாய்.

இன்னும் ஒரு வழி இருந்தது. கடைசி வெள்ளியன்று நமக்கும் அல் ஐனுக்கும் ஆட்டம். ஜெயித்தால் நாம் இரண்டாமிடம், இறுதி ஆட்டத்துக்குப் போகலாம். செல்வம் வாரம் முழுக்க டியூட்டி முடிந்து வந்து ஓடினான். ஆனால் வியாழன் முழுக்க மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தால் முவைலா மைதானம் ஏரியாகிக் கிடந்தது. கேம்ப் பையன்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி ஆட்டம் போட்டார்கள். ஊர் மழையைப் பார்த்த சந்தோஷம் அவர்களுக்கு. அல் ஐன்காரர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். செல்வம் ஷூவைக் கையில் பிடித்தபடி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றான். அன்று நீ போட்ட கணக்கில் நாம் மூன்றாவதுதான். அல் ஐனுக்கும் நமக்கும் இடையே இருந்தது தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு சின்ன எண். உன்னைத் தவிர யாரும் அதைச் சரிபார்த்திருக்க மாட்டார்கள்.

இறுதி ஆட்டத்தன்று நீ என்ன செய்தாய் என்று எனக்கே மைதானத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அஜ்மான் கேம்ப்பைக் கூப்பிட்டிருந்தாய். அவர்களுக்கு டியூட்டி இல்லாத நாளாக விசாரித்து, வண்டி பேசி, முழு அணியையும் வரவழைத்திருந்தாய். இறுதி ஆட்டத்துக்கு முன்னால், எந்தக் கணக்கிலும் சேராத ஓர் ஆட்டம், நமக்கும் அவர்களுக்கும். செல்வம் முதலில் மாட்டேன் என்றான். கலியமூர்த்தியே அவனிடம் வந்தார்.

"வா தம்பி. அன்னிக்கு நான் ஒக்காந்திருந்தேன். இன்னிக்கு நிக்கிறேன். போட்டுப் பாரு."

அதற்குப் பிறகு அவனால் மறுக்க முடியவில்லை. இறுதி ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் முழுக்க ஓரத்தில் நின்று அதைப் பார்த்தது. தூங்கி எழுந்து வந்த அஜ்மான் அணி வேறு அணியாக இருந்தது. செல்வம் ஒரு கோல் போட்டான். இன்னொன்றை வலது மூலையில் அடித்தபோது கலியமூர்த்தி முழு நீளத்துக்குப் பாய்ந்து தட்டிவிட்டார். விழுந்த இடத்தில் மணல் பறந்தது. செல்வம் தலையில் கை வைத்து நின்றான். பிறகு சிரித்தான். கணக்கை நீ மாற்றிய பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அடுத்த நிமிடமே அவர்கள் உன் கால்களுக்கு நடுவே ஒரு பந்தை விட்டார்கள். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்ததும் மணலில் உட்கார்ந்த கலியமூர்த்தியைச் செல்வம் போய்க் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். கொஞ்ச தூரம் இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்கள்.

அதன் பிறகு நடந்த இறுதி ஆட்டத்தில் முவைலா ஜெயித்தது. அன்று மாலை உன் சமையல். செல்வம் வந்து தரையில் உட்கார்ந்து, "கொழம்ப இந்தப் பக்கம் தள்ளு" என்றான். 

அவன் ஊருக்குப் போனான். நீ தோஹாவுக்குப் போய்க் கல்யாணம் முடித்துக் குடும்பத்தோடு இருந்தாய். நான் திரும்பி வந்து இங்கே ஒரு பார்சல் ஆபீஸ் வைத்தேன். பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போன் பேசுவோம். ஒவ்வொரு தடவையும் நான் அதே வழக்கைத்தான் எடுப்பேன். சீசன் நடுவே விதியை மாற்றியது தப்பு என்பேன். "சரிவே, தப்புதான். ஆனா திரும்ப அதத்தான் செய்வேன்" என்பாய். உன் இதயம் நின்ற செய்தி எனக்கு வந்தபோது உன்னை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

சில வாரம் கழித்து நானும் செல்வமும் காயல்பட்டினத்தில் உன் வீட்டுக்குப் போனோம். உன் மகள் கல்லூரியில் படிக்கிறாள். தோஹாவில் வளர்ந்த பிள்ளை என்பது பேச்சிலேயே தெரிந்தது. தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள், துபாய்ல வாப்பா ஒரு டீம்ல கீப்பரா இருந்தாங்கன்னு உம்மா சொன்னாங்க. எந்த பொசிஷன்ல வந்தீங்க?"

நான் செல்வத்தைப் பார்த்தேன். அவன்தான் பதில் சொன்னான்.

"மூணாவதும்மா. மொதலாவதா வந்திருப்போம். ஒங்க வாப்பா விடல."

அவள் புரியாமல் சிரித்தாள். செல்வம் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அஜ்மான் கேம்ப்பிலிருந்து கதையைத் தொடங்கினான். தான் கோல் போட்டதை அவன் சொல்லவில்லை. கலியமூர்த்தி பாய்ந்து தடுத்ததை மட்டும் கையை நீட்டி நீட்டி விரிவாகச் சொன்னான்.

நம் வழக்கில் இப்போது எதிர்வாதம் செய்ய ஆளில்லை. அதனால் நான் ஜெயித்ததாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீ செய்தது தப்பு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் என் பார்சல் ஆபீஸில் வேலை கேட்டு வந்து, பழைய இடத்தில் எல்லோரையும்விட நான் முன்னால் இருந்தேன் என்று ஒருவர் சொன்னால், எத்தனை பேரை முந்தினாய் என்று நான் கேட்பதில்லை. அங்கே கூட இருந்தவர்கள் யார், அவர்களுக்கு அப்போது என்ன நிலைமை என்றுதான் கேட்கிறேன்.