யெஸ் என்றால் இல்லை

ஆமாம், போகவில்லை. நீ கடைசியாகக் கேட்ட கேள்விக்கு இன்றைக்கும் அதே பதில்தான். பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் திரும்பிப் போகவே இல்லை. கட்டுகஸ்தோட்டையில், ஆற்றோரத்துக் கோப்பிக் கிட்டங்கியில் மூட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன்.

மழை இப்போதுதான் விட்டது. ஈரச் சாக்கும் பச்சைக் கோப்பிக் கொட்டையும் சேர்ந்து ஒரு மணம் அடிக்கிறது. உன் கோட்டுப் பையில் அடித்த அதே மணம். அதனால்தான் தைக்கிற ஊசியைக் கீழே வைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கொஞ்சம் நேரமும் இருக்கிறது. கண்டியிலிருந்து கிட்டங்கித் துரை வந்துகொண்டிருக்கிறார். ஒரு மூட்டையைக் காணவில்லை. வாசலில் காவல் இருந்தவன் வேலாண்டி. கடலுக்கு அக்கரையிலிருந்து போன மாதம் தோணியில் வந்து சேர்ந்தவன். அவன் எடுக்கவில்லை. ஆனால் துரை கேட்கப்போவது இங்கிலீஷில்.

நானும் அப்படி வந்தவன்தானே. வாய் நிறையத் தமிழும், கணக்கப்பிள்ளை ஆகலாம் என்ற ஆசையும் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை. அக்கரைப் பையன்களுக்கென்று பள்ளிக்கூடத்தில் கடைசி வாங்குப் பலகை. அரசாங்கக் கச்சேரி எழுத்தரின் மகன், கண்டியிலேயே பிறந்தவன் என்று உன்னை எங்களுக்குச் சட்டாம்பிள்ளையாக வைத்தார் வாத்தியார் துரை. யார் தேறுகிறான், யார் தேறவில்லை என்று வெள்ளிக்கிழமைதோறும் நீ அவரிடம் சொல்ல வேண்டும். வேறொருவன் என்றால் பிரம்பு எடுத்திருப்பான். நீ கோப்பிக் கொட்டை எடுத்தாய். ஆளுக்கொரு கொட்டை உன் கோட்டின் இடது பையில் கிடக்கும். அந்த வாரத்துப் பாடத்தை எவன் தடுக்காமல் சொல்கிறானோ அவனுடையது வலது பைக்குப் போகும்.

வகுப்பில் மட்டுமா கேட்டாய்? குளத்தில் குளிக்கும்போது கேட்டாய், சோறு தின்னும்போது கேட்டாய்.

"ஐ ஆம் கோயிங்" என்று ஒப்பிப்பேன்.

"சொல்லிட்டு அங்கேயே நிக்கிறியே. போடா."

மந்தமானவன் என்று எவனைப் பற்றியும் துரையிடம் நீ சொன்னதில்லை. "அவன் இன்னும் தோணியிலதான் இருக்கான், கரைக்கு வரட்டும்" என்பாய். அதை இங்கிலீஷில் சொன்னபோது துரைக்கு விளங்கவில்லை. எந்தத் தோணி என்று கேட்டாராம்.

பிறகு அந்தப் பரீட்சை. துரை வாசிக்க வாசிக்க நாங்கள் சிலேட்டில் எழுத வேண்டும். கோப்பி காய்ந்துவிட்டது என்று ஒரு வரி. கோப்பிக்கு இங்கிலீஷில் 'காஃபி' என்று எழுத வேண்டிய இடத்தில் நான் 'காப்பி' என்று, அதாவது பார்த்து எழுதுவதற்கு இங்கிலீஷில் என்ன சொல்லோ அதை எழுதிவைத்தேன். எனக்கு முன்னால் இருந்த பையனும் அதையே எழுதியிருந்தான். எங்கள் வாயில் இரண்டும் ஒன்று. சொல்லிக்கொடுத்த உன் வாயிலும் ஒன்று. துரை இரண்டு சிலேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னை எழுப்பினார்.

"யூ டிட் நாட் காப்பி?"

"யெஸ் சார்" என்றேன்.

நம் வழக்கம் அதுதானே. நீ பார்த்து எழுதவில்லையா என்று கேட்டால், ஆமாங்க, எழுதவில்லை. துரை காதில் விழுந்ததோ, ஆமாம், பார்த்துத்தான் எழுதினேன். இன்னொரு முறை கேட்டார். இன்னும் பணிவாக யெஸ் சொன்னேன். வெளியே போ என்றார். எதற்கென்றே விளங்காமல் போனேன்.

உனக்குத்தான் விளங்கியது. முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு துரையின் வாசலில் போய் நின்று நம் தமிழ் வழக்கத்தை விளக்கினாய். இது இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று விரட்டினார். மறுநாளும் நின்றாய். அந்த வாரம் முழுக்க நின்று, கடைசியில் ஒரு வழி வாங்கி வந்தாய். திங்கட்கிழமை நான் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் போதும்.

"செய்யாததுக்கு எதுக்குடா மன்னிப்பு?"

"ஒரே ஒரு சொல்லு மச்சான். சொல்லிட்டு உள்ள வா."

"ஒரு சொல்லாலதானே வெளிய வந்தேன்."

திங்கட்கிழமை நான் இங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தாய். "நீ போகலையா?" என்றாய். ஆமா, போகலை என்றேன். திட்டுவாய் என்று நினைத்தேன். ஒரு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, "சரி, வாசி" என்று மூட்டையில் அச்சடித்திருந்த எழுத்துகளைக் காட்டினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மாதாகோயில் பூசை முடிந்ததும் நேரே இங்கேதான் வந்தாய். பள்ளிக்கூடத்தை விட்டவனையும் விடாத சட்டாம்பிள்ளை நீ ஒருவன்தான். அலுப்பில் நான் உன்னைப் பலமுறை விரட்டியிருக்கிறேன். அடுத்த ஞாயிறும் வந்து நிற்பாய். வந்ததும் அதே கேள்வி, போகலையா?

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். இரண்டு ஞாயிறு கழித்து உன் தம்பி வந்தான். உன் கோட்டைப் போட்டிருந்தான். அவனுக்கு அது பெரிது. கைகள் வெளியே தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகு அவன் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணன் பையில இது கெடந்துச்சு. யாருக்குன்னு தெரியல" என்றான்.

இடது பையில் ஒரே ஒரு கொட்டை.

எனக்குத் தெரிந்தது. வாங்கி இடது மடியில் முடிந்துகொண்டேன்.

எனக்கு இப்போது வயது ஒன்றும் ஆகிவிடவில்லை, ஆனாலும் களைப்பாக இருக்கிறது. தோணிக்குத் தோணி புதிய முகங்கள் வருகின்றன. எல்லோரும் துரைக்கு முன்னால் யெஸ் சொல்கிறார்கள். ஆளைப் பிடித்து உட்கார்த்தி, 'நாட்' என்று காதில் விழுந்தால் நிதானி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. உனக்கு எப்படி அலுக்காமல் இருந்தது? கேட்டுவைக்காமல் போனேன்.

காலையிலிருந்து வேலாண்டியோடு மல்லுக்கட்டுகிறேன்.

"எடுக்கலேன்னா நோன்னு சொல்லணும். எங்கே, சொல்லு."

"தொரை மொகத்தப் பாத்து நோன்னா சொல்றது, அண்ணே? அடிச்சிட்டா?"

"யெஸ்ஸுன்னா வெலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போயிடுவாங்கடா."

"யெஸ்ஸுன்னாத்தான் மரியாதையா இருக்கு" என்கிறான். இன்னும் தோணியில்தான் இருக்கிறான்.

என் கொட்டை இடது மடியிலேயே கிடக்கிறது. வலப்பக்கம் மாற்ற வேண்டியவன் நீ. அதனால் நான் தொடவில்லை.

குதிரைச் சத்தம் கேட்கிறது. வேலாண்டி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிறான். உதடு அசைகிறது. எந்தச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறான் என்று இங்கிருந்து தெரியவில்லை. துரை இறங்கிவிட்டார். அவன் வாயைத் திறப்பதற்குள் நான் போக வேண்டும்.