நிக்கலின் மேல்தோல்

மார்ச் 3, திங்கள்

என்னப்பா டைரி, சௌக்கியமா? ஒரு வாரமாக உன்னைத் தொடவில்லை, கோபித்துக்கொள்ளாதே. மூட்டு வலி. அதற்கு மகன் ஒரு தைலம் வாங்கிவந்தான். அது தனிக் கதை, அப்புறம்.

மருமகள் முகம் சரியில்லை. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மீத்தேனோடு வேலை. அடுப்பில் எரிகிற மாதிரி அது முழுசாக எரிந்துவிடக் கூடாதாம். பாதியில் பிடிக்க வேண்டுமாம். அப்போது வருகிற ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும்தான் ஆலைகளுக்கு வேண்டியவை. சூடான குழாய்க்குள் நிக்கல் தூள், அதன் மேல் மீத்தேனும் கொஞ்சம் ஆக்சிஜனும் போகும். டிசம்பரில் அருமையாக வந்தது, கட்டுரையும் அனுப்பியாயிற்று. இப்போது எப்படிச் செய்தாலும் முழுசாக எரிந்து தண்ணீரும் கரியமில வாயுவுமாகப் போகிறதாம்.

மார்ச் 4

தைலக் கதை எழுத உட்கார்ந்தேன். மனசு ஓடவில்லை.

மார்ச் 5, புதன்

அவளுடைய வாத்தியார் எல்லார் எதிரிலும் கேட்டாராம்: "டிசம்பர் கணக்கு மெஷின் குடுத்ததா, நீ குடுத்ததாம்மா?" வெள்ளிக்கிழமைக்குள் மறுபடி செய்து காட்டாவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவாராம்.

யாரைப் பார்த்து என்ன பேச்சு! சீட்டாட்டத்துல நான் ஒரு சீட்டை ஒளிச்சதுக்கு ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசாதவ அவ. அவளா பொய்க் கணக்கு போடுவா?

"நீ ஒண்ணும் சொல்லலையாம்மா?"

"என்ன சொல்றது மாமா? எனக்கே வர மாட்டேங்குதே."

மார்ச் 6

சாப்பிடும்போது மகன், "நம்ம வீட்டு அடுப்பைக் கொண்டுபோய் வை. அது என்னைக்குமே பாதிதான் எரியுது" என்றான். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். "டிசம்பர்ல கரி படியலை. அப்புறம் படிய ஆரம்பிச்சுது. சாயங்காலம் ஆக்சிஜன் விட்டு எரிச்சு, சுத்தமா வெச்சுட்டு..." கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"நிக்கலும் ஆக்சிஜனைப் பிடிச்சுக்கும் மாமா. மேலே தோல் மாதிரி. அது இருந்தா மீத்தேன் முழுசா எரிஞ்சுடும். காலைல ஹைட்ரஜன் விட்டு அதை உரிக்கணும்."

"உரிக்கலையா?"

"ஹைட்ரஜன் சிலிண்டர் காலி. மீத்தேனே உரிச்சுடும்னு விட்டுட்டேன். நான் வைக்கிற சூடு அதுக்குப் பத்தாது!"

"அழுக்கை எடுக்கப்போய் தோலை வளர்த்துட்டியே தாயி."

அரைச் சாப்பாட்டில் எழுந்து, பக்கத்து ஆய்வுக்கூடத்தில் சிலிண்டர் இரவல் கேட்கப் போனாள்.

மார்ச் 7, வெள்ளி

வந்துவிட்டது! காலையில் ஹைட்ரஜன், பிறகு மீத்தேன். டிசம்பர் கணக்கு அப்படியே. அதோடு விடவில்லை அவள். வாத்தியார் கண் முன்னாலேயே ஆக்சிஜன் விட்டுத் தோலை வரவழைத்தாள், கெட்டது. மறுபடி ஹைட்ரஜன், சரியானது. அந்த மனுஷர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். "கெட்டுப்போனதையும் சேர்த்துத்தாம்மா எழுதணும். விஷயமே அதுலதான் இருக்கு."

இதை எழுதும்போது கூடத்தில் அவர் குரல்தான் கேட்கிறது. வீடு தேடி வந்திருக்கிறார். "எல்லார் எதிர்லயும் கேட்டேன். உன் வீட்டார் எதிர்லயாவது மன்னிப்புக் கேக்கணும்மா."

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்கிறாள் இவள். நான் அவ்வளவு சுலபத்தில் விடுவேனா? கூடத்துக்குப் போனதும் முதலில் அவரிடம்

"மாமா! சார் நிக்கறாரு, வாங்க!"

இதோ வந்துட்