உன் குரலில் வந்த போன்

தொம்மலூர், பெங்களூர்

அன்புள்ள மகனுக்கு,

இன்று காலை உன் குரலில் ஒரு போன் வந்தது. "அம்மா, போலீஸ் பிடிச்சிட்டாங்க, உடனே பணம் அனுப்பு" என்று அழுதது.

சர்ச்சில் எங்களைப் போன்ற வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஐரின், "குரலைக்கூட காப்பி பண்ணுவாங்க ஆன்ட்டி. கட் பண்ணிட்டு, மகனுக்கு நீங்களே போன் பண்ணுங்க" என்று சொல்லியிருந்தாள். தவிர, நீ என்னை மம்மி என்றுதானே கூப்பிடுவாய். மோசடி என்று உடனே தெரிந்துவிட்டது.

ஆனாலும் கட் பண்ண மனசு வரவில்லை. "சாப்ட்டியா கண்ணா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் தடுமாறி, "சாப்ட்டேன்மா" என்றது. உன் குரலேதான். அதைக் கேட்ட பிறகுதான் வைத்தேன்.

பணம் எதுவும் அனுப்பவில்லை, பயப்படாதே. ஐரின் சொன்னபடி உனக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வேலையாக இருந்திருப்பாய்.

உன்
மம்மி