மொட்டைமாடித் தீவின் நீச்சல் வீரன்

டிசம்பர், ஞாயிறு. மழை. நேற்று மத்தியானம் பிடித்தது, இன்னும் விடவில்லை.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: இன்று காலை எனது இடது கால் செருப்பு, வாசற்படியிலிருந்து கடல் மார்க்கமாக இலங்கைக்குப் புறப்பட்டுச் சென்றது. வலது கால் செருப்பு ஆழ்ந்த துயரத்தில் இருக்கிறது. அனுதாபச் செய்திகள் ஏற்கப்படும். செருப்புகள் ஏற்கப்பட மாட்டா.

மத்தியானத்துக்குள் வீட்டில் தண்ணீர் கட்டில் மட்டம். கியாஸ் அடுப்பு, அரிசி, அண்டா, குண்டாவோடு மொட்டைமாடிக்குக் குடிபெயர்ந்தோம். ஒரு தகரக் கொட்டகை, ஒரு தார்ப்பாய். மக்கள்தொகை: அம்மா, நான், தங்கச்சி ஜெனி. பின்போர்ஷன் தங்கராஜ் அண்ணாச்சி, சொந்த ஊர் உடன்குடி, எங்கள் சந்து முனையில் பலசரக்குக் கடை. பக்கத்துப் போர்ஷன் லிசி அக்காவும் கைக்குழந்தையும். அவள் புருஷன் சரக்குக் கப்பலில் எங்கேயோ. அப்பா துறைமுகத்தில் டியூட்டி, அங்கேயே மாட்டிக்கொண்டார். கரண்டு இல்லை. டவர் இல்லை.

நாலு பக்கமும் தண்ணீர். ஆக, தீவு.

இதில் ஒரு வசதி. லீவுக்கு இங்கிலீஷ் மிஸ் கொடுத்த புராஜெக்ட்: கப்பல் உடைந்து தீவில் ஒதுங்குகிறவர்களைப் பற்றிய பழைய ஆங்கில நாவல்கள், அதில் மனித சுபாவம், சமூகம், பத்துப் பக்கம். இரண்டு படித்தாயிற்று. ஒன்றில் தனி ஆள். வேலி போடுகிறான், எல்லாவற்றையும் எண்ணி வைக்கிறான், தீவே என்னுடையது என்கிறான். இன்னொன்றில் பையன்கள் கூட்டம். பெரியவர்கள் இல்லை என்றதும் அடித்துக்கொள்கிறார்கள். மனுஷன் நிஜத்தில் எப்படி? இது மிஸ்ஸின் கேள்வி. மற்றவர்கள் கூகுளைக் கேட்பார்கள். எனக்கு ஆராய்ச்சிக்கூடமே வீடு தேடி வந்துவிட்டது.

கவனித்தவை:
– தலைவர் தேர்தல் நடக்கவில்லை. அம்மா கரண்டியை எடுத்தாள், முடிந்தது.
– நான்தான் தலைவர் என்று அறிவித்துப் பார்த்தேன். அம்மா: "மொதல்ல அந்தத் தார்ப்பாயப் பிடிலே." தலையில் மழை, தலைமை போச்சு.
– அண்ணாச்சி தன்னிடமிருந்த கருப்பட்டிப் பொட்டலத்தை எடுத்து நடுவில் வைத்தார். யாரும் கேட்கவில்லை. நாவல்களில் இப்படி வரவில்லையே, ஏன்? கருப்பட்டி இல்லாத தீவு போல.

சாயங்காலம் சும்மா இருக்க முடியாமல் நான்: "எங்க பூட்டன் முத்துக் குளிச்சவரு அண்ணாச்சி. ஒரு மூச்சுல பாதிக் கடல அளந்துட்டு வருவாராம். எனக்கு இதெல்லாம் வாய்க்கால்."

ஜெனி: "வாய்தான் வாய்க்கால்."

திங்கள். தூறல், காற்று. பல் தேய்க்கவில்லை (தீவில் கட்டாயமில்லை).

லிசி அக்காவின் பால் பவுடர் டப்பா அடி தட்டுகிறது. குழந்தை வீல் வீல் என்கிறது. அண்ணாச்சி கடையில் மேல் தட்டில் இரண்டு டப்பா இருக்கிறதாம். கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் தண்ணீர்.

அண்ணாச்சி மாடிப்படியருகே கம்பை விட்டுப் பார்த்தார். அவருக்கு நெஞ்சு, எனக்குக் கழுத்து.

"வீட்டுக்குள்ளயே இம்புட்டுன்னா, ரோட்டுல ஆளே முங்கிரும். இங்கனயாவது காம்பவுண்டுச் சுவரு இருக்கு பிடிக்கதுக்கு. அங்கன எதப் பிடிக்க?"

எல்லார் கண்ணும் என் மேல்.

"நாங்க தேரிக்காட்டுச் செம்மணல்ல கெடந்த ஆளுக. தண்ணியக் குடத்துல பாத்தவங்க. நீ கடக்கரைப் பிள்ளைலா?" என்று கடைச் சாவியை நீட்டினார்.

அம்மாவுக்குச் சந்தேகம். "ஒனக்கு எப்பலே நீச்சல் வந்துச்சு?"

"பெரிய லீவுல படிச்சேம்மா."

குழந்தை மறுபடி அழுதது. அம்மா என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

நீந்தினேன். கேட்டைத் தாண்டியதும் இடது கை, வலது கை, இடது கை. சந்து முழுக்க என் அலை. மாடியில் கைதட்டல். டப்பாக்களை மூடி போட்ட பெயிண்ட் வாளிக்குள் வைத்து, கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினேன். அண்ணாச்சி துண்டால் தலை துவட்டிவிட்டார். லிசி அக்கா அழுதேவிட்டாள். இருந்த ஒரே அவித்த முட்டை எனக்கு. பாதியை ஜெனிக்குக் கொடுத்தேன்.

அவள் நன்றி: "ரெண்டு முட்டியும் என்னண்ணே இப்படிச் சிராய்ச்சிருக்கு?"

"மீன் கடிச்சுட்டு."

"ரெண்டுலயும் ஒரே மாதிரியா? வேளாங்கண்ணிக்கு முட்டிபோட்டு நேர்ச்சை போனவங்க கணக்கால்லா இருக்கு."

விஷம்.

புராஜெக்டுக்கு இரண்டு சந்தேகம். தனியாள் தீவில் செய்ததையெல்லாம் எழுதி வைத்தவன் அவனேதான். பக்கத்தில் நின்று யார் பார்த்தார்கள்? மிஸ்ஸிடம் கேட்க வேண்டும். இன்னொன்று: கப்பல் வராதவரைதான் அவன் ராஜா. கப்பல் வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டிருப்பானா?

செவ்வாய். வெயில் எட்டிப் பார்த்தது. தண்ணீர் அப்படியே.

குழந்தைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல். பால் இறங்கவில்லை. காலையில் அழவும் இல்லை, அதுதான் எல்லாருக்கும் பயம். பெரியாஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

அண்ணாச்சி யோசனை: பெரிய அண்டா. குழந்தையைத் துணியில் சுற்றி அதில் வைப்பது. நான் நீந்தித் தள்ளிக்கொண்டு போவது.

"ஒன்னய நம்பித்தாம்லே அனுப்புதேன்" என்றாள் லிசி அக்கா. குழந்தையை அண்டாவில் வைத்தாள். அண்டாவின் விளிம்பை மட்டும் விடவில்லை. அம்மா மெல்ல விலக்கிப் பார்த்தாள். முடியவில்லை. விரல் நுனியெல்லாம் வெள்ளையாகிவிட்டது.

நேற்று மாதிரியே போயிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த விரல்களைப் பார்த்திருக்கக் கூடாது.

"அக்கா, நீங்களும் வரலாம்."

"எனக்கு நீச்சல் தெரியாதேலே."

"எனக்கும் தெரியாது."

ஜெனி என் முட்டிகளைப் பார்த்தாள்.

"ரோட்டுல இடுப்பளவுதான் அக்கா. காம்பவுண்டுக்குள்ளதான் ஆழம். சுவரப் பிடிச்சுக்கிட்டே கேட் வரைக்கும் போயிரலாம்."

பழைய ரோட்டின் மேலேயே மறுபடி மறுபடி ரோடு போட்டு, ரோடு உயர்ந்துபோய், வீடு பள்ளமாகிவிட்டது. மழைக்கு மழை எல்லாரும் திட்டுகிற விஷயம். தேவைப்பட்ட நாளில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எனக்கும் கேட்டுக்கு வெளியே கால் தட்டியபோதுதான் வந்தது. அதற்கப்புறம் முட்டுச்சந்து முழுக்க முட்டிபோட்டு, கையை மட்டும் வீசிக்கொண்டு போனேன். மாடியிலிருந்து தெரியாத மெயின் ரோட்டைக் கடை வாசலிலிருந்து பார்த்தேன். ஜனங்கள் தலையில் மூட்டையோடு நடந்து போனார்கள். டிராக்டர்கூட ஓடியது. வந்து சொல்லவில்லை. சொன்னால் முட்டை யாருக்கு?

"நேத்தே சொல்லிருந்தா ராத்திரியே போயிருக்கலாம்லாலே" என்றார் அண்ணாச்சி. அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வேட்டியை மடித்துக் கட்டினார், அண்டாவைத் தலைக்கு மேல் தூக்கினார், இறங்கினார். பின்னாலேயே லிசி அக்கா, சுவரைப் பிடித்தபடி. கேட்டைத் தாண்டியதும் அவள் நிமிர்ந்து நின்றாள். தண்ணீர் இடுப்பளவு. திரும்பி மாடியைப் பார்க்கவே இல்லை.

அம்மா சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை.

செவ்வாய், மாலை. அண்ணாச்சி திரும்பி வந்தார். ஊசி போட்டார்களாம், காய்ச்சல் இறங்குகிறதாம், குழந்தை பால் குடித்ததாம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே, காம்பவுண்டுக்குள்ளயாவது நீந்துனியா?"

"சுவரு அண்ணாச்சி."

ஜெனி உருண்டு உருண்டு சிரித்தாள். அம்மா என் முட்டிக்கு மஞ்சள் வைத்தாள், வேண்டுமென்றே அழுத்தி.

திருத்தம்: திங்கட்கிழமைப் பக்கத்தில் "நீந்தினேன்" என்று இருப்பதை "நடந்தேன்" என்று வாசிக்கவும். முட்டையில் பாதியை ஜெனிக்குக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறேன்.

கொடுக்கவில்லை.